பெர்க்லியில் குரு தேடிய காலம்

ஆசிரமம், தியான முகாம், குரு என்று கிளம்பும் இருபது வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் அவ்வப்போது என்னிடம் வந்து பேசுவார்கள். சில சமயம் பிள்ளைகளே வருவார்கள். 1960-களின் கடைசியில் நான் கலிஃபோர்னியாவில் படித்தவன், ஹிப்பி காலத்தை உள்ளேயிருந்து பார்த்தவன் என்பது அவர்களுக்குத் தெரியும். துண்டு துண்டாக அவர்களிடம் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல். ஓர் இடத்தில் சேர்வது எவ்வளவு எளிது என்று எல்லோரும் பார்ப்பார்கள். அங்கிருந்து கிளம்புவது எவ்வளவு எளிது என்று நீங்கள் பாருங்கள்.

நான் போளூர்க்காரன். அப்போது அது வட ஆற்காடு மாவட்டம். கிண்டியில் சிவில் முடித்துவிட்டு 1967 செப்டம்பரில் மேல்படிப்புக்குப் பெர்க்லி போனேன். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு விரிகுடாவின் எதிர்க்கரையில் இருக்கும் பல்கலைக்கழக ஊர். முந்தைய ஆண்டுதான் ரூபாயின் மதிப்பைக் குறைத்திருந்தார்கள். ஒரு டாலருக்கு ஏழரை ரூபாய். கையில் கொண்டுபோக அனுமதித்தது 8 டாலர். உதவித்தொகை இருந்ததால் சமாளித்தேன்.

அந்தக் கோடையில்தான் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹெய்ட் ஆஷ்பரிப் பகுதியில் வந்து குவிந்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்த அடுத்த மாதம், அக்டோபர் 6 அன்று, அங்கே முதலிலிருந்து இருந்தவர்களே ஹிப்பி செத்துவிட்டான் என்று சவப்பெட்டி தூக்கி ஊர்வலம் போனார்கள். தாங்க முடியாத கூட்டம் வந்துவிட்டது, பத்திரிகைக்காரர்கள் எல்லாவற்றையும் காட்சிப் பொருளாக்கிவிட்டார்கள் என்ற வருத்தம் அவர்களுக்கு. ஆனால் பெர்க்லியில் எனக்குத் தெரிந்த யாரும் தேடலை நிறுத்தவில்லை. அங்கே அது அப்போதுதான் சூடு பிடித்தது.

முதல் வருடத்துக்குப் பிறகு வளாகத்துக்குத் தெற்கே ஒரு பழைய மரவீட்டில் நாலைந்து பேராகச் சேர்ந்து வாடகைக்கு இருந்தோம். என் அறையில் இருந்தவன் அயோவா மாநிலத்து விவசாயக் குடும்பத்துப் பையன், இளங்கலை மாணவன். பெயர் வேண்டாம், அயோவாக்காரன் என்றே சொல்கிறேன். லூத்தரன் சபையில் வளர்ந்தவன். அந்தத் தலைமுறை ஏன் அப்படித் தேடியது என்பது அவனைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. நீள முடியும் மணிமாலையும் கிட்டாரும் வெளியே தெரிந்தவை. உள்ளே இருந்தது வியட்நாம்.

18 வயதான பையன்கள் எல்லோரும் ராணுவத்துக்காகப் பெயர் பதிந்திருக்க வேண்டும். கல்லூரியில் இருக்கும்வரை 2-எஸ் என்ற விலக்கு உண்டு. படிப்பை விட்டால் 1-ஏ, அதாவது எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். மனசாட்சி இடம் தராததால் போருக்குப் போக மாட்டேன் என்று விண்ணப்பிக்க ஒரு வழி இருந்தது. அதற்கான படிவத்தின் எண் 150. உன் நம்பிக்கை என்ன, அது உனக்கு எங்கிருந்து வந்தது என்று அதில் விளக்கி எழுத வேண்டும். மரபான கடவுள் நம்பிக்கை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒருவன் வாழ்க்கையில் அதற்கு ஈடான இடத்தைப் பிடித்திருக்கும் உண்மையான நம்பிக்கை போதும் என்று உச்ச நீதிமன்றம் 1965-ல் சீகர் வழக்கில் சொல்லியிருந்தது. அதனால் இருபது வயதுப் பையன்கள் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து, நான் எதை நம்புகிறேன் என்று அரசாங்கத்துக்குப் பதில் எழுதினார்கள். அடித்து அடித்து எழுதினார்கள். போளூரில் என்னை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. திருநீறு பூசிக்கொண்டேன், பிரதோஷத்துக்குக் கோவிலுக்குப் போனேன், அவ்வளவுதான்.

ஆனால் அங்கே எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். இந்தியன் என்றாலே தியானம் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு விருந்தில் ஒரு பெண் குனிந்து என் காலைத் தொட வந்தாள். நான் பதறிப் பின்னால் நகர்ந்தேன். தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு போகும் இளைஞர்கள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும், இன்றும் இது நடக்கிறது. உங்கள் நிறத்தையும் ஊரையும் பார்த்து ஒருவர் உங்களைக் குருவாக்க வந்தால் உடனே தெளிவாக மறுத்துவிடுங்கள். அந்த மரியாதையில் ஒரு போதை இருக்கிறது. என்னைப் போலவே வந்த ஒரு மாணவர் ஆறே மாதத்தில் காவி கட்டிச் சொற்பொழிவு செய்ய ஆரம்பித்ததைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்த அளவுதான்.

டெலிகிராஃப் அவென்யூவில் 1968-ல் ஷம்பாலா என்ற புத்தகக் கடை திறந்தார்கள். கிழக்கத்தியச் சமயங்களுக்கென்றே ஒரு கடை. அங்கே அட்டை ஒன்றில் திருவண்ணாமலை ரமணரின் படத்தைப் பார்த்தேன். எல்லோருக்கும் தெரிந்த அந்தப் படம்தான், வெல்லிங் எடுத்தது. போளூருக்கும் அண்ணாமலைக்கும் நடுவில் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். கைக்குழந்தையாக இருந்தபோது என்னைத் தூக்கிக்கொண்டு போய் அவர்முன் உட்கார்ந்ததாகப் பாட்டி சொல்வாள். எங்கள் வீட்டுச் சுவரில் அதே முகம் நாட்காட்டிக்குப் பக்கத்தில் தொங்கியது. அதை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. கடையில் இருந்த பையன் எனக்கு அவரைப் பற்றி ஒரு மணி நேரம் விளக்கினான். நன்றாகவே தெரிந்து வைத்திருந்தான்.

அன்று ராத்திரி அப்பாவுக்கு ஏரோகிராம் எழுதினேன். இங்கே பல குருமார்கள் இருக்கிறார்கள், யாரிடம் போவது, போகலாமா என்று கேட்டேன். அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். பதில் வர மூன்று வாரம் ஆனது. வழக்கம்போல் ஆசீர்வாதத்தில் தொடங்கி, மழை, பயிர், தங்கையின் வரன் எல்லாம் எழுதிவிட்டு, மிச்சமிருந்த மடிப்பில் நெருக்கி எழுதியிருந்தார். ரமணர் விடியற்காலையில் ஆசிரமச் சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்குவார். பந்தியில் மற்றவர்களுக்குப் போடாத எதையும் தனக்குப் போட விட மாட்டார். வீட்டை விட்டு வருகிறேன் என்றவர்களை இருக்கும் இடத்திலேயே இருந்து நான் யார் என்று விசாரம் செய் என்று திருப்பி அனுப்பினார். நீ போகும் இடத்தில் இந்த மூன்றும் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது. அப்பா எழுதியது இவ்வளவுதான். இதைவிட நல்ல அறிவுரை எனக்கு அதற்குப் பிறகும் கிடைக்கவில்லை.

சரி, பார்க்கத் தொடங்கினேன்.

மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானம் அப்போது மாணவர்களிடம் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் இசைக்குழுவினர் 1968 பிப்ரவரியில் ரிஷிகேஷில் அவருடைய ஆசிரமத்துக்குப் போன பிறகு கேட்க வேண்டாம். மாணவருக்குக் கட்டணம் 35 டாலர். பழம், பூ, புது வெள்ளைக் கைக்குட்டை கொண்டுபோக வேண்டும், மந்திரம் தருவார்கள், அதை வெளியே சொல்லக் கூடாது. எனக்கு அந்தக் காசு பல வாரச் சாப்பாடு. போகவில்லை. போனவர்களில் சிலர் தினமும் காலையும் மாலையும் இருபது நிமிடம் விடாமல் உட்கார்ந்து, தூக்கமும் படிப்பும் சீரானதைப் பார்த்தேன். கட்டணம் வாங்குகிறார்கள் என்பதற்காக மட்டும் ஓர் இடத்தை ஒதுக்க வேண்டியதில்லை. எவ்வளவு என்று முதலிலேயே சொல்லி, ரசீது கொடுத்து, அத்தோடு விட்டால் அது நேர்மையான கணக்கு. முதலில் இலவசம் என்று சொல்லிவிட்டு, அடுத்த படி, அதற்கடுத்த படி என்று ஏறிக்கொண்டே போகும் இடங்களில்தான் கவனம் தேவை.

ஹெய்ட்டில் ஃப்ரெடரிக் தெருவில் ஹரே கிருஷ்ணா கோவில் இருந்தது. அந்த இயக்கத்தைத் தொடங்கிய பக்திவேதாந்த சுவாமி 1965-ல் சரக்குக் கப்பலில் அமெரிக்கா வந்தவர். இரண்டு ஆண்டுக்குள் சான் ஃபிரான்சிஸ்கோவில் கோவில், ரத யாத்திரை. அங்கே பருப்பும் சப்பாத்தியும் அல்வாவும் யாருக்கும் இலவசம். சைவச் சாப்பாட்டுக்கு ஏங்கிய எனக்கு அது பெரிய ஆறுதல். மாமிசம், போதை, சூது, முறையற்ற உறவு நான்கும் கூடாது, தினமும் ஜபமாலையைப் பதினாறு சுற்று உருட்ட வேண்டும் என்பது அவர்கள் விதி. தெருவில் போதை மருந்தில் கிடந்த பையன்கள் அங்கே போய் ஒரே வாரத்தில் குளித்து, நாலு மணிக்கு எழுந்து, பாத்திரம் தேய்ப்பதைப் பார்த்தேன். திடமான ஒழுங்கு ஒரு மனிதனை எப்படிக் காப்பாற்றும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். எனக்கு அந்தப் பாதை ஒட்டவில்லை, அது வேறு விஷயம்.

வேதாந்த சங்கத்துக்கும் போவேன். விவேகானந்தர் 1900-ல் தொடங்கி வைத்தது. வெப்ஸ்டர் தெருவில் அவர்களுடைய பழைய கோவில் 1906 ஜனவரியில் திறக்கப்பட்டு, அந்த ஏப்ரலில் வந்த பெரிய பூகம்பத்தில் விழாமல் தப்பியது. கட்டடம் படித்தவன் என்பதால் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். மேல் மாடியும் கோபுரங்களும் அதற்குப் பின்னால் எழுப்பியவை. பெர்க்லி கிளை பௌடிச் தெருவில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். அங்கே இருந்த சுவாமியிடம், படிப்பை விட்டுவிட்டு முழுநேரம் வரலாமா என்று ஒரு மாணவன் கேட்டதற்கு, பரீட்சை எப்போது, அப்பா அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். அவன் முகம் வாடியது. அப்பாவின் கடிதம் எனக்கு நினைவு வந்தது.

போதை மருந்தைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் காலத்தைச் சொல்ல முடியாது. எல்எஸ்டி என்ற மனமயக்க மருந்தைக் கலிஃபோர்னியா 1966 அக்டோபரிலேயே சட்ட விரோதமாக்கிவிட்டது, ஆனால் கிடைக்காத இடம் இல்லை. மாநாட்டு மேடையில் பேசுவதுபோல் அதை ஆன்மிகச் சாதனம் என்று பேசினார்கள். நான் தொடவில்லை. விசா போய்விடும் என்ற பயமும் இருந்தது, என் மனதை அந்த மருந்து ஊறிய ஒரு துண்டுக் காகிதத்திடம் கொடுக்க விருப்பமும் இல்லை. அதனால் எடுப்பவர்களுக்குப் பக்கத்தில் உட்காரும் வேலை எனக்கு வந்தது. அயோவாக்காரன் ஒரு சனிக்கிழமை எடுத்துவிட்டு, நள்ளிரவில் தான் செத்துக்கொண்டிருப்பதாக அலற ஆரம்பித்தான். ஹெய்ட் ஆஷ்பரி இலவச மருத்துவமனையில் தொண்டு செய்யும் ஒருவர் சொல்லிக்கொடுத்தது கைகொடுத்தது. விளக்கைக் குறைக்க வேண்டும், கூட்டத்தை வெளியே அனுப்ப வேண்டும், வாதம் செய்யக் கூடாது. நீ மருந்து எடுத்திருக்கிறாய், இது இறங்கிவிடும், நான் இங்கேயே இருக்கிறேன் என்று ஒரே குரலில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். மூச்சுத் திணறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ, நினைவு தப்பினாலோ உடனே ஆஸ்பத்திரி. விடியும்போது அவன் அழுது ஓய்ந்து தூங்கினான். அன்று பார்த்த ஒளி நிஜம் என்று பின்னால் சொல்வான். இருக்கலாம். ஆனால் அடுத்த திங்கட்கிழமை அவனால் வகுப்பில் உட்கார முடியவில்லை, அதுவும் நிஜம்.

அந்த ஒளியைத் திரும்பத் தேடித்தான் 1968 இலையுதிர் காலத்தில் அவன் வடக்கே ஒரு கூட்டு வாழ்க்கைக் குழுவுக்குப் போனான். ரெட்வுட் மரக் காட்டுக்குள் ஒரு பழைய பண்ணை. இடத்தின் பெயரும் தலைவரின் பெயரும் இங்கே தேவையில்லை. ஒரு வார இறுதியில் நானும் கூடப் போனேன். வரவேற்பு பிரமாதம். முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்து, உனக்காகத்தான் காத்திருந்தோம் என்றார்கள். சாப்பாடு கொஞ்சம், வேலை நிறைய, ராத்திரி இரண்டு மணிவரை தலைவரின் பேச்சு. ஐந்து மணிக்கு மணி அடித்து எழுப்பினார்கள். எல்லோருக்கும் புதுப் பெயர். கார்ச் சாவிகள் பொதுப் பெட்டியில். வீட்டுக்கு எழுதும் கடிதங்களை ஒரே பெண் வாங்கி ஒட்டி அனுப்பினாள். தலைவர் தனியாகச் சாப்பிட்டார், அவருக்கு இறைச்சி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்குப் பரீட்சை இருக்கிறது, கிளம்புகிறேன் என்றேன். உடனே வட்டமாக உட்காரவைத்தார்கள். எதிலிருந்து ஓடுகிறாய் என்று ஒருவர். உன் அகந்தை பேசுகிறது என்று இன்னொருவர். கோபமாக யாரும் பேசவில்லை, கண்ணில் நீரோடு அன்பாகவே கேட்டார்கள். அதுதான் பயமாக இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைவரை நடந்து, பஸ் பிடித்துத் திரும்பினேன். அயோவாக்காரன் வரவில்லை.

புது இடம் எதற்குப் போனாலும், முதல் நாளே ஒரு சின்ன விஷயத்துக்கு முடியாது என்று சொல்லிப் பாருங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். இன்று பஜனைக்கு வரவில்லை, தலை வலிக்கிறது. அல்லது, இந்தப் படிவத்தை வீட்டில் படித்துவிட்டு நாளை தருகிறேன். சரி, ஓய்வெடு என்று விட்டார்களா, இல்லை, உங்கள் மறுப்புக்கு உள்ளர்த்தம் கண்டுபிடிக்க உட்கார்ந்தார்களா? இதற்குச் செலவில்லை, ஒரு நாளில் விடை தெரிந்துவிடும். இன்னொன்று, தூக்கம். நாலு மணி நேரத் தூக்கத்தில் இருக்கும் மனதுக்கு எந்தப் பேச்சும் வேதமாகக் கேட்கும். ஒழுங்காகத் தூங்கி, வயிறார உண்டு, ஒரு வாரம் ஊரில் இருந்த பிறகும் அதே முடிவு இருந்தால் எடுங்கள்.

அவன் குளிர்காலம் முழுக்க அங்கே இருந்தான். கல்லூரிக்கு முறைப்படி விடுப்புக்கூட எழுதிக்கொடுக்கவில்லை. படிப்பு நின்றதும் 2-எஸ் போனது, 1-ஏ வந்தது. வசந்த காலத்தில் ஒருநாள் ஒரு பெட்ரோல் பங்க் போனிலிருந்து, நம் செலவில் பேசும் அழைப்பாகக் கூப்பிட்டான். இன்னொரு மாணவனின் வோக்ஸ்வேகனை வாங்கிக்கொண்டு போய் அழைத்து வந்தோம். பல் சொத்தையாகியிருந்தது. கையில் காசில்லை. கார் அங்கேயே நின்றுவிட்டது. அங்கே என்ன நடந்தது என்று வீட்டில் யாரும் அவனைக் கேட்கவில்லை. சாப்பிட்டான், தூங்கினான், பல் டாக்டரிடம் போனான். நாங்கள் யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, ஆனால் அப்படிச் செய்தது சரி என்று இன்று நினைக்கிறேன். திரும்பி வந்தவனை உட்காரவைத்து, நான் அப்போதே சொன்னேனே என்று ஆரம்பித்தால், அவன் அந்த இடத்துக்காக வாதாடத் தொடங்குவான். வாதாடி வாதாடித் திரும்பிப் போனவர்கள் உண்டு.

நான் தங்கிய இடத்தைப் பற்றி இனிச் சொல்கிறேன்.

ட்வைட் வேயில் ஒரு மரவீட்டின் கூரையடி அறையில் 1967-லிருந்து ஜப்பானிய பௌத்த வழியான ஸென் தியானம் நடந்துகொண்டிருந்தது. விடியுமுன் போக வேண்டும். ஏணிபோல் செங்குத்தான படி. கறுப்பு உருண்டைத் திண்டுகள், எதிரே வெறும் சுவர். நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்து, வெளிவிடும் மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ண வேண்டும், விட்டுப்போனால் மறுபடி ஒன்று. அவ்வளவுதான் பாடம். சம்மணம் போட்டே வளர்ந்த எனக்குக் கால் ஒரு தொந்தரவு தரவில்லை. பக்கத்தில் அமெரிக்கப் பையன்கள் முழங்கால் வலியில் வியர்ப்பார்கள். முடிந்ததும் துடைப்பம் எடுத்துப் பெருக்கிவிட்டு அவரவர் வேலைக்குப் போவோம். பணம் கேட்கவில்லை, பெயர்கூட முதலில் கேட்கவில்லை. ஒரு மாதம் வராமல் இருந்துவிட்டுத் திரும்பப் போனபோது யாரும் காரணம் கேட்கவில்லை. என் திண்டு இருந்த இடத்தில் இருந்தது.

இதற்குத் தாய் இடம் சான் ஃபிரான்சிஸ்கோ ஸென் மையம். அதன் ஆசான் ஷுன்ரியூ சுசுகி ரோஷி (ரோஷி என்பது ஸென் ஆசானுக்கான மரியாதைப் பெயர்) 1959-ல் ஜப்பானிலிருந்து வந்தபோது அவருக்கு வயது 55. அங்கிருந்த ஜப்பானியக் குடும்பங்களுக்குப் பூசாரியாக வந்தவர். புஷ் தெருவில் சோக்கோஜி என்ற கோவில், ஒரு காலத்தில் யூதக் கோவிலாக இருந்த கட்டடம். தான் தினமும் உட்காருவேன், விரும்புகிறவர்கள் வரலாம் என்றார், இளைஞர்கள் வந்தார்கள். பாலத்துக்கு அப்பால் போக அப்போது எஃப் பஸ்தான், பார்ட் ரயிலுக்கு இன்னும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பெர்க்லியில் முடியாதபோது புஷ் தெருவுக்குப் போவேன். தியானம் முடிந்து வெளியே போகும் வழி அவருடைய சின்ன அலுவலக அறை வழியாக. அவர் அங்கே நின்று, கிளம்பும் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து வணங்குவார். குள்ளமான மனிதர். வருகிறவர்களை வணங்கும் குருமார்களை எங்கும் பார்க்கலாம். போகிறவர்களை வணங்கியவரை அங்கேதான் பார்த்தேன். நீ போய்ச் செய்ய வேண்டியதைச் செய் என்று அந்த வணக்கம் சொல்வதாக எனக்குப் பட்டது. நான் அடுத்த பஸ்ஸில் ஏறிக் கட்டமைப்பு வகுப்புக்குப் போவேன்.

நான் பௌத்தனாகவில்லை. அங்கே யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு காலையில், இந்த மூச்சை எண்ணுவது யார் என்ற கேள்வி தானாக வந்தது. அது திருவண்ணாமலைக் கேள்வி. பாட்டி மடியிலேயே கேட்டுவிட்டு மறந்திருந்த கேள்வி. அதற்குப் பிறகு மூச்சை எண்ணுவதை விட்டுவிட்டு அதோடேயே உட்கார்ந்தேன். தூரத்துக்குப் போனதால்தான் அது எனக்குக் கேட்டது என்று நினைக்கிறேன். ஊரிலேயே இருந்திருந்தால் அந்த முகம் நாட்காட்டிக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

1969 மே மாதம் இந்த அமைதியெல்லாம் சோதனைக்கு வந்தது. பல்கலைக்கழகத்தின் காலி மனையில் மக்கள் போட்ட பூங்காவை 15-ஆம் தேதி விடியலில் வேலி போட்டு அடைத்தார்கள். அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்ட ஜேம்ஸ் ரெக்டர் என்ற இளைஞர் நாலு நாளில் இறந்தார். 20-ஆம் தேதி ஹெலிகாப்டரிலிருந்து வளாகத்தின் மேல் கண்ணீர்ப்புகை தூவினார்கள். தெருவுக்குத் தெரு ராணுவம். அயோவாக்காரன் முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு போராட்டத்துக்கும் போனான், மறுநாள் காலை என்னோடு கூரையடி அறைக்கும் வந்தான். உலகம் எரியும்போது சுவரைப் பார்த்து உட்காருவது கோழைத்தனமில்லையா என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் கண்டது, ஒழுங்காக உட்கார்ந்தவர்கள் தெருவில் நிதானமாக நடந்தார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கினார்கள், கல்லைக் கையில் எடுக்கவில்லை.

டிசம்பர் 1 அன்று ராணுவத்துக்கான குலுக்கல் நடந்தது. பிறந்த தேதிகளை நீலக் குப்பிகளில் போட்டு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்த தேதிக்காரர்களை முதலில் கூப்பிடுவார்கள். வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவனுடைய தேதி 300-க்கு மேல் வந்தது, தப்பினான். எங்கள் வீட்டிலேயே இன்னொருவனுக்கு இரட்டை இலக்கத்தில் விழுந்தது. அன்று யாரும் கொண்டாடவில்லை.

1971-ல் அவன் தரைவழியாக இந்தியா கிளம்பினான். இஸ்தான்புல், தெஹ்ரான், ஹெராத், காபூல், லாகூர், டெல்லி, எல்லோரும் போன பாதை. டிசம்பர் போருக்கு முன்பே எல்லையைத் தாண்டித் திருவண்ணாமலை சேர்ந்துவிட்டான். அடுத்த ஜனவரியில் நான் ஊர் திரும்பி ரமணாசிரமத்தில் அவனைப் பார்த்தேன். கிரிவலப் பாதை அப்போது மரமும் மயிலுமாக வெறிச்சோடிக் கிடக்கும், பௌர்ணமிக்கு இன்று வரும் கூட்டம் கிடையாது. தேரடியில் பாத்திரக் கடைகளின் வாசலில் விசிறி சாமியார் யோகி ராம்சுரத்குமார் கையில் விசிறியும் கொட்டாங்கச்சியுமாக உட்கார்ந்திருப்பார். அயோவாக்காரன் அவர்முன் மணிக்கணக்கில் இருப்பான். வந்தவர்களைத் தன்னிடம் கட்டி வைக்க அவர் முயன்றதில்லை.

கோடை வருமுன் அவனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஆற்று நீரையும் குளத்து நீரையும் புனிதம் என்று குடித்துக்கொண்டிருந்தவன். வேலூரில் பெரிய மருத்துவமனையில் காட்டினோம், ஓய்வுதான் மருந்து என்றார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் வாரக்கணக்கில் படுத்திருந்தான். அம்மா கஞ்சியும் இளநீரும் கொடுத்தாள். அவள் அவனைத் தம்பி என்பாள், அவன் அம்மா என்பான், இருவருக்கும் வேறு பொது வார்த்தை இல்லை. தேடிப் போகிறவர்கள் உடம்பை மறக்கக் கூடாது. கொதித்த தண்ணீர், பாஸ்போர்ட்டின் நகல், திரும்பும் செலவுக்குத் தொடாமல் வைத்த பணம், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்த, அந்தக் குழுவைச் சேராத ஒரு நண்பர். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் பலராலும் மதிக்கப்பட்ட மக்கள் கோவில் என்ற சபை தென் அமெரிக்காவின் கயானாக் காட்டுக்கு இடம் பெயர்ந்தபோது உறுப்பினர்களின் பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டது. 1978 நவம்பர் 18 அன்று அங்கே 900-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், அதில் குழந்தைகள் ஏராளம். அந்தச் செய்தியைச் சென்னையில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வட்டமும் அந்தக் கண்ணீர் அன்பும் எனக்குத் தெரிந்தவை.

நல்ல இடம் என்றைக்கும் நல்ல இடமாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சுசுகி ரோஷி 1971 டிசம்பரில் இறந்தார். அவர் வளர்த்த அதே மையத்தில் 1983-ல் தலைமையின் நடத்தை பற்றிப் பெரிய பிரச்சினை வெடித்து, தலைவர் விலக நேர்ந்தது. ஆனால் அங்கே உறுப்பினர்கள் கூடிப் பேச முடிந்தது, கேள்வி கேட்க முடிந்தது, மையம் இன்றும் நடக்கிறது. அதனால் நீங்கள் மதிக்கும் இடத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகப் பாருங்கள். அங்கிருந்து விலகிய இரண்டு பேரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். விலகியவர்களைப் பற்றி உள்ளே இருப்பவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். துரோகி, பக்குவம் போதாதவன் என்றால் யோசிக்க வேண்டும். அவருக்கு வேறு வழி அமைந்தது என்றால் நல்லது.

அயோவாக்காரன் உடம்பு தேறியதும் ஊருக்குப் போய்ப் படிப்பை முடித்தான். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றான். காலையில் உட்காருகிறான். நானும் உட்காருகிறேன், அரை மணி நேரம், பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. எழுந்து காபி போடுகிறேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை போன இடம் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் பேச்சை நிறுத்தாதீர்கள். குருவைத் திட்டாதீர்கள், திட்டினால் உங்கள் அழைப்பை எடுக்க வேண்டாம் என்று சொல்ல அங்கே ஒருவர் காத்திருப்பார். சாப்பிட்டாயா, தூங்கினாயா, அங்கே யார் சமைக்கிறார்கள் என்று கேளுங்கள், அதிலேயே பாதி தெரிந்துவிடும். நாள்கணக்கில் தூக்கமில்லாமல் பேசுகிறான், காதில் குரல் கேட்கிறது என்கிறான் என்றால் அதை ஞானம் என்று காத்திருக்க வேண்டாம், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். காசு கேட்டால் குழுவின் கணக்குக்கு அனுப்பாமல், எந்த நாளும் ஏறி வரக்கூடிய ஒரு டிக்கெட்டாகப் பிள்ளையின் பெயரில் எடுத்துக் கொடுங்கள். அது அவனிடம் இருப்பது அவனுக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதும்.